வெறிச்சோடிய விடுதியில் பிறந்த படம்

மாணவர் விடுதியொன்றை விடுமுறைக் காலத்தில் பார்த்தவர்களுக்கு அதன் அமைதி எத்தகையதென்று சொல்ல வேண்டியதில்லை. நேற்று வரை சிரிப்பும் வாக்குவாதமும் சாப்பாட்டுத் தட்டுகளின் ஓசையுமாக இருந்த கட்டிடம், கடைசி மாணவன் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியதும் முற்றிலும் வேறொன்றாகிவிடுகின்றது. மேல் மாடியிலே ஒரு கதவு காற்றில் அடித்தால் கீழ் மாடியிலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. குளியலறையில் எங்கோ ஒரு குழாய் சொட்டிக்கொண்டிருக்கும். அதை மூடப் போவதா, கேளாததுபோல் இருந்துவிடுவதா என்று ஒருவன் படுக்கையிற் கிடந்தவாறே யோசிப்பான். ஏதோ காரணத்தால் ஊர் செல்ல இயலாது விடுதியிலே தங்கிவிட்ட மாணவர் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வர்.

இந்த அமைதியையே முதலாகப் போட்டு ஒரு திரைப்படம் எடுத்தவர்கள் இருவர். அமெரிக்காவிலே, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் திரைப்படக் கலை பயின்ற ஜெப்ரி ஓப்ரோ, ஸ்டீபன் காப்பென்டர் என்னும் இளைஞர்களே அவர்கள். 1980ஆம் ஆண்டு நத்தார் விடுமுறைக்கு மாணவர் கூட்டம் கலைந்து சென்றதும், கமராவைத் தூக்கிக்கொண்டு, சில நண்பர்களையும் கூட்டிக்கொண்டு, பல்கலைக்கழகத்தின் வெறுங் கட்டிடங்களுக்குள் அவர்கள் புகுந்தனர். அதன் விளைவாகத் தோன்றி 1982இல் படமாளிகைகளுக்கு வந்த படத்தின் பெயர் 'தி டோர்ம் தட் டிரிப்ட் பிளட்'. தமிழிலே சொல்வதானால், 'இரத்தம் சொட்டிய விடுதி'.

பெயரைக் கேட்டதும் முகஞ் சுளிக்கும் பெற்றோரை நான் குறை கூறமாட்டேன். இத்தகைய பெயரைத் தாங்கிய ஒரு படத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதலாமா என்று நானே இரண்டு முறை யோசித்ததுண்டு. ஆனால் அப்பெயர் படத்தை விற்றவர்களின் சாமர்த்தியம். எடுத்தவர்களின் எண்ணத்தைக் காட்டுவதன்று. 1971இல் பிரித்தானியாவில் 'இரத்தம் சொட்டிய வீடு' என்றொரு படம் வந்து பெயர் பெற்றிருந்தது. அதன் எதிரொலியாகவே இப்பெயர் சூட்டப்பட்டது. இந்தப் படத்துக்கு வேறும் இரு பெயர்கள் உண்டு. ஒன்று 'டெத் டோர்ம்', அஃதாவது 'மரண விடுதி'. மற்றது 'பிராங்ஸ்', அஃதாவது 'குறும்பு விளையாட்டுகள்'. மூன்றிலும் கதைக்கு உள்ளபடி பொருந்துவது இறுதியிற் சொன்னதுதான். அது ஏனென்பது போகப் போகத் தெரியும்.

அக்காலத்து அமெரிக்கச் சினிமாவின் நிலையைச் சற்று நினைவுகூர வேண்டும். 1978இல் ஜோன் காப்பென்டர் (நம் ஸ்டீபன் காப்பென்டர் வேறு, இவர் வேறு) 'ஹலோவீன்' என்ற படத்தைச் சுமார் 3 இலட்சம் டொலர் செலவில் எடுத்தார். அது பல கோடி டொலர்களைச் சம்பாதித்துக் கொடுத்தது. 1980இல் 'வெள்ளிக்கிழமை 13ஆந் திகதி' என்னும் படம் சுமார் 5½ இலட்சம் டொலரில் உருவாகி, பரமவுண்ட் போன்றதொரு பெருநிறுவனத்தின் வாயிலாகவே நாடெங்கும் வெளியாயிற்று. பெயர் பெற்ற நட்சத்திரம் வேண்டாம். அலங்காரக் காட்சியமைப்பு வேண்டாம். ஒரு முகமூடி, ஒரு கத்தி, ஓடுவதற்குச் சில இளைஞர் இருந்தாற் போதும் என்று கண்டுகொண்டவர்கள் ஆண்டுக்கு ஒரு டசினுக்கு மேற்பட்ட படங்களை எடுத்துத் தள்ளினர். இவ்வகைக்கு ஆங்கிலத்தில் 'ஸ்லாஷர்' என்று பெயர் வந்தது. ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்படும் தொடர்கொலைப் படங்கள் என்று நாம் சொல்லலாம்.

இவற்றிற் பல கல்லூரிகளிலும் மாணவர் விடுதிகளிலும் நிகழ்ந்ததற்குக் காரணம் கலையன்று; கணக்குத்தான். கல்லூரி என்றால் கட்டிடம் உண்டு, நீண்ட நடைகள் உண்டு, நிலவறை உண்டு. நடிப்பதற்கு மாணவர் கூலியின்றியே கிடைப்பர். படம் பார்க்க வருவோரும் பெரும்பாலும் மாணவ வயதினரே. 1974இலேயே கனடாவில் பொப் கிளார்க் என்பவர் மாணவியர் விடுதியொன்றை நிலைக்களமாகக் கொண்டு 'பிளாக் கிறிஸ்மஸ்' என்ற அருமையான படத்தை எடுத்திருந்தார். கொலைஞன் யாரென்பதை இறுதிவரை காட்டாமலே நடுங்க வைத்த படம் அது. 'ஹலோவீன்' தோன்றுவதற்கு நான்கு ஆண்டுகள் முந்தியது. அதன் பின் 1981இல் 'ஃபைனல் எக்ஸாம்', 'நைட் ஸ்கூல்', 1984இல் 'தி இனிஷியேஷன்' என்று வரிசை நீண்டது. பெரும்பாலானவை ஒருமுறை பார்த்து மறக்கத் தக்கவை. அந்த வரிசையிலே நம் படமும் நின்றதால், விமர்சகர்கள் அதனையும் சேர்த்துக் கூட்டித் தள்ளினர். அது அநியாயம் என்பதே என் கட்சி.

கதை மிகவும் எளியது. பழைய மாணவர் விடுதியொன்று இனி விடுதியாக இயங்கப் போவதில்லை. அதனைக் குடியிருப்பு வீடுகளாக மாற்றப் போகின்றனர். நத்தார் விடுமுறையில் உள்ளேயிருக்கும் தளபாடங்களை அப்புறப்படுத்திக் கட்டிடத்தை ஒழித்துக் கொடுப்பதற்குச் சில மாணவர் தங்குகின்றனர். பொறுப்பேற்றவள் ஜோவான். அவளுக்குத் துணையாகக் கிரெய்க், பிரையன், பற்றி, டெபி ஆகியோர். பழைய மேசைகளை வாங்க ஒரு வியாபாரி வந்து போகின்றான். பழுது பார்க்கும் வேலையாளன் ஒருவன் தன் கருவிகளுடன் நடமாடுகின்றான். இவர்களைவிட இன்னொருவனும் உண்டு. அவன் பெயர் ஜோன் ஹெமிட். அழுக்கடைந்த உடை, சீவாத தலை, யாரையும் நேரே நோக்காத பார்வை. கட்டிடத்தைச் சுற்றிச் சுற்றி வருவான், கேட்டால் விடை சொல்லான், கூப்பிட்டால் மறைந்துவிடுவான்.

முதலில் நிகழ்பவை சின்னஞ்சிறு விடயங்கள். வைத்த பொருள் வைத்த இடத்தில் இல்லை. இரவிலே ஏதோ காலடி கேட்கிறது. மின்சாரம் நின்றுபோகிறது. யாரோ விளையாட்டுக் காட்டுகிறார்கள் என்றே மாணவர் எண்ணுகின்றனர். விடுதி வாழ்க்கையில் அப்படி எண்ணுவதுதானே இயல்பு? கதவுக்கு மேல் தண்ணீர்ச் சட்டி வைப்பதும், படுக்கையிலே தவளையைப் போடுவதும், பரீட்சைக்கு முதல்நாள் செருப்பை ஒளிப்பதும் நடந்து பழகிய இடம் அது. 'குறும்பு விளையாட்டுகள்' என்ற பெயர் இங்கேதான் பொருந்துகின்றது. ஆபத்து வந்து வாயிலிலே நிற்கையில், அதற்குக் குறும்பு என்று பெயரிட்டுச் சிரித்துவிடும் அந்த இளமைக் குணத்தை இவ்விரு மாணவ இயக்குநர்களும் நன்கு அறிந்திருந்தனர். பேராசிரியர் ஒருவரோ ஹொலிவூட் கதாசிரியர் ஒருவரோ எழுதியிருந்தால் இது இவ்வளவு இயல்பாக அமைந்திராது.

டெபியின் தாய்தந்தையர் மகளை அழைத்துச் செல்ல மோட்டார் வண்டியில் வருகின்றனர். இந்தக் காட்சியை நான் குறிப்பிட்டே ஆகவேண்டும். இவ்வகைப் படங்களிலே கொல்லப்படுவோர் வழக்கமாகத் துடுக்கு மிகுந்த இளைஞரே. பெற்றோரைக் கண்டிக்கும் கிழவராகவோ கேலிப் பாத்திரமாகவோ காட்டிவிட்டு ஒதுக்கிவிடுவர். இங்கேயோ, இருட்டில் வண்டியிலே அமர்ந்து மகள் பெட்டியுடன் இறங்கி வருவாள் என்று காத்திருக்கும் சாதாரண இரு மனிதர். அவ்விருவரும் அங்கேயே கொல்லப்படுகின்றனர், பின்னர் மகளும். நத்தாருக்கு வீட்டிலே பிள்ளையை எதிர்பார்க்கும் பெற்றோருக்கு இப்படியொரு முடிவா என்று மனம் பதைக்கிறது. மாணவர்களுக்கோ, அவர்கள் டெபி வீடு போய்விட்டாள் என்றே நினைப்பு. அவளை யாரும் தேடப் போவதில்லை. படத்தின் பயங்கரத்திற் பாதி, காணாமற் போனவரைப் பற்றி எவருக்கும் கவலையில்லாத இந்த ஏற்பாட்டிலே இருக்கின்றது. விடுமுறையில் விடுதியிலிருந்து ஒருவர் மறைந்தால், ஊருக்குப் போய்விட்டார் என்றுதானே எண்ணுவோம்?

டெபியாக நடித்தவள் டப்னி சூனிகா என்னும் பெண். அப்போது அவளுக்கு வயது 18. இதுவே முதற் படம். சிறிய பாத்திரம்தான் என்றாலும், மற்றையோரிடம் இல்லாத ஓர் உயிர்ப்பு அவளிடம் இருக்கிறது. பின்னாளில் 'ஸ்பேஸ்போல்ஸ்' (1987) என்ற நகைச்சுவைப் படத்திலும், 'மெல்ரோஸ் பிளேஸ்' என்ற தொலைக்காட்சித் தொடரிலும் நடித்து அவள் பெயர் பெற்றாள்.

இனி முடிவைப் பற்றிப் பேச வேண்டும். படத்தைப் பார்க்க எண்ணியிருக்கும் வாசகர்கள் அடுத்துவரும் நான்கு பந்திகளைத் தாண்டிவிடலாம். முடிவைச் சொல்லாமல் இப்படத்தின் தகுதியைச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

ஹெமிட்டுக்கும் கொலைகளுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. கொலைஞன் கிரெய்க். ஆரம்பம் முதல் ஜோவானின் அருகிலேயே நின்று, அவளுக்கு மேசை தூக்கி உதவி, அவளுடன் சேர்ந்து பயந்து, அவளைத் தேற்றிய அதே இளைஞன். அவள்மீது கொண்ட விபரீதமான ஆசையே அவனைப் பைத்தியமாக்கியிருக்கின்றது. பொலிஸார் வந்து சேர்கின்றனர். கிரெய்க் ஹெமிட்டைச் சுட்டிக் காட்டி, அவனே கொலைகாரன் என்று கூவுகின்றான். ஒரு புறம் படித்த, நன்றாக உடுத்த, சொல்வன்மையுள்ள மாணவன். மறுபுறம் பேசத் தெரியாத பரதேசி. பொலிஸார் யோசிக்கவில்லை. ஹெமிட் குண்டு பட்டு விழுகின்றான். மயங்கிக் கிடக்கும் ஜோவானைக் கிரெய்க் இழுத்துச் சென்று விடுதியின் குப்பை எரிக்கும் உலையிலே போட்டுவிடுகின்றான். புகைபோக்கியிலிருந்து புகை எழுகின்றது. படம் முடிந்துவிட்டது.

முதன்முறை இதைப் பார்த்தபோது, இயந்திரம் பழுதாகிப் படம் இடையிலே நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். இவ்வகைப் படங்களுக்கென்று ஒரு விதி உண்டு. எத்தனை பேர் மாண்டாலும், நல்லறிவும் துணிவும் உள்ள ஒரு பெண் எஞ்சி நின்று கொலைஞனை வெல்வாள். கரோல் குளோவர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் இப்பெண்ணுக்கு 'இறுதிப் பெண்' என்று பெயரிட்டு, 1992இல் வெளிவந்த தமது நூலிலே விரிவாக ஆராய்ந்திருக்கின்றார். ஜோவான் அந்த விதிப்படி அமைந்தவள். பொறுப்புள்ளவள், மற்றவர் விளையாடும்போது வேலை செய்பவள். அவள் தப்புவாள் என்று நாம் உறுதியாய் நம்பிக்கொண்டிருக்கையிலே கையை உதறிவிடுகின்றனர் இயக்குநர்கள். இருபது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆன இளைஞருக்கு, படத்தை விற்க வேண்டிய கட்டாயத்திலிருந்தவர்களுக்கு, இது சாதாரணத் துணிச்சலன்று.

ஆனால் என்னை இன்றுவரை உறுத்துவது ஜோவானின் கதியைவிட ஹெமிட்டின் கதிதான். அவனைக் கொலைகாரனென்று சந்தேகித்தவர்கள் பொலிஸார் மட்டுமல்லர். முதற்காட்சியில் அவன் தலை காட்டியபோதே நானும் சந்தேகித்தேன். கூட இருந்து பார்த்தவர்களும் சந்தேகித்தனர். அவன் கதவோரம் நின்றபோதெல்லாம் "இவன்தான், இவன்தான்" என்று முணுமுணுத்தோம். எதற்காக? உடை அழுக்காக இருந்ததற்காக, வீடில்லாதவன்போல் தோன்றியதற்காக. பொலிஸ்காரரின் துப்பாக்கி வெடித்தபோது அந்த விசையிலே எங்கள் விரலும் இருந்ததை உணர்ந்து, அறையிலே சற்று நேரம் யாரும் பேசவில்லை. பயமுறுத்துவதற்கென்று எடுக்கப்பட்ட மலிவுப் படமொன்று இந்த வேலையைச் செய்தது. பெருஞ் செலவில் எடுக்கப்பட்டு, நீதியைப் பற்றி நீண்ட வசனம் பேசிய எத்தனையோ படங்கள் இதைச் செய்ததில்லை.

குறைகள் இல்லாமலில்லை, அவற்றையும் மறைக்கலாகாது. நடிப்பிலே மேடுபள்ளம் அதிகம். சிலர் வசனத்தை வகுப்பிலே பாடம் ஒப்புவிப்பதுபோல் ஒப்புவிக்கின்றனர். நடுப்பகுதியில் கதை படுத்துக்கொள்கிறது. இருட்டு நடையிலே ஒருவர் போவதும், மற்றவர் பெயரைக் கூப்பிடுவதும், யாரும் விடை சொல்லாததுமாக நிமிடங்கள் கழிகின்றன. 16 மில்லிமீட்டர் சுருளிலே எடுத்து, படமாளிகைக்காக 35 மில்லிமீட்டராகப் பெருப்பித்த படம் இது. ஆகையால் இருட்டுக் காட்சிகளில் மணல் தூவியதுபோல் பொரிப்பொரியாகத் தெரியும். பழைய வீடியோ நாடாக்களிலோ நிலவறைக் காட்சிகள் கரியைப் பூசியது போன்றிருந்தன. இவற்றையெல்லாம்விடக் கடுமையாக நான் எதிர்ப்பது பற்றி என்னும் பெண்ணின் மரணக் காட்சியை. விடுதிச் சமையலறையின் பெரிய நீராவிப் பாத்திரத்திலே அவளை அடைத்துக் கொல்வதை அவ்வாறு காட்டியிருக்க வேண்டியதில்லை. அது கதைக்கு வேண்டியதுமன்று. அதைப் புதுமை என்று யாரேனும் மெச்சுவாராயின் அவருடன் எனக்குப் பேச்சில்லை. சிறுவர் உள்ள வீட்டிலே இப்படத்தைப் போடவே கூடாது. பல்கலைக்கழக மாணவருக்கும் திரைப்படக் கலையிலே நாட்டமுள்ள பெரியவர்களுக்கும் மட்டுமே இதனைச் சொல்கின்றேன்.

பெண்களைத் துரத்தித் துரத்திக் கொல்வதே இவ்வகைப் படங்களின் தொழில் என்று 1980இலேயே ரோஜர் ஈபர்ட், ஜீன் சிஸ்கெல் என்னும் இரு பெரும் விமர்சகர்கள் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி முழுவதையும் ஒதுக்கிக் கண்டித்தனர். அக்கண்டனத்தில் நியாயம் நிறைய உண்டு. நம் படத்திலே கொல்லப்படுவோரில் ஆண்களும் சரிபாதியாக உள்ளனர் என்று வாதாடலாம். ஆனால் அது வழக்கறிஞர் வாதம். நீராவிப் பாத்திரம் நீராவிப் பாத்திரந்தான்.

தணிக்கையாளரின் கதை சுவையானது. அமெரிக்காவில் 'ஆர்' என்னும் சான்றிதழ் பெறுவதற்காகச் சில விநாடிகளை வெட்ட நேர்ந்தது. வேலையாளன் மின்சாரத் துளைகருவியாற் கொல்லப்படும் காட்சியே முக்கியமாக அந்தக் கத்தரிக்கோலுக்கு இரையானது. பிரித்தானியாவிலே நிலைமை இன்னும் மோசம். 1980களின் தொடக்கத்தில் வீடியோ நாடாக்கள் வீடுகளுக்குள் நுழைந்தபோது, இளைஞரை இவை கெடுத்துவிடும் என்று பத்திரிகைகள் பெருங் கூச்சலிட்டன. அரச வழக்குத் தொடுநர் ஆட்சேபத்திற்குரிய படங்களின் பட்டியலொன்றை வெளியிட்டார். மொத்தம் 72 படங்கள் ஏதோவொரு காலத்தில் அதில் இடம் பெற்றன. அவற்றுள் 39 நீதிமன்றத்திற் குற்றவாளிகளாயின. எஞ்சிய 33 தப்பின. தப்பியவற்றுள் ஒன்று 'பிராங்ஸ்' என்ற பெயரில் அங்கு விற்கப்பட்ட நம் படம். 1984இல் வீடியோப் பதிவுகளுக்கான சட்டமே பிறந்துவிட்டது. இத்தனை அமர்க்களத்திலும் கத்தரிக்கோலின் கண்ணிற் பட்டது துளைகருவிதான். குற்றமற்ற ஏழையைச் சட்டத்தின் காவலர் சுட்டுவிட்டு நிம்மதியடையும் காட்சி, ஒரு சட்டமும் குறையாமல் திரையிலே நின்றது.

இசையைப் பற்றிச் சொல்லாமல் விடுவது பாவம். பணமில்லாத படங்கள் அக்காலத்தில் மின்னிசைக் கருவியொன்றை வைத்துக்கொண்டு ஒருவரே தட்டி முடித்துவிடுவது வழக்கம். 'ஹலோவீன்' படத்தின் புகழ்பெற்ற இசையும் அவ்வாறு பிறந்ததுதான். ஆனால் இப்படத்துக்கு இசை அமைத்த கிறிஸ்தோபர் யங் என்னும் இளைஞர் நரம்புக் கருவிகளை நம்பினார். அவருக்கும் இதுவே முதற் படம். அதே பல்கலைக்கழகத்தில், 1944இல் வந்த 'லோரா' படத்தின் இசையால் அழியாப் புகழ் பெற்ற டேவிட் ரக்சின் என்பவரிடம் பாடங் கேட்டவர் அவர். ஹிட்ச்கொக்கின் 'சைக்கோ' (1960) படத்துக்கு பேர்னார்ட் ஹெர்மன் நரம்புக் கருவிகளை மட்டுமே கொண்டு அமைத்த இசையை அவர் நன்கு கற்றிருந்தார் என்பது முதல் ஐந்து நிமிடங்களிலேயே தெரிகிறது. ஆயினும் அது வெறும் நகலன்று. ஜோவான் தனியே நடையைக் கடக்கும் இடங்களில், ஓசை உயர வேண்டிய தருணத்திலே தாழ்கின்றது. நாம் காதைக் கூர்மையாக்கிக்கொள்கிறோம். அந்தக் கூர்மையே பயமாகிவிடுகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், பத்து மடங்கு பணம் செலவழித்த படமென்றே ஒருவர் எண்ணுவார். யங் பிற்காலத்தில் 'ஹெல்ரெய்சர்' (1987), 'ஸ்பைடர்மான் 3' (2007), 'சினிஸ்டர்' (2012) முதலிய படங்களுக்கு இசையமைத்து முன்னணிக்கு வந்தார்.

ஒரு மாணவர் படத்திலிருந்து இத்தனை பேர் தேறி வந்தனர் என்பது வியப்புத்தான். ஒளிப்பதிவையும் தாமே கவனித்துக்கொண்ட ஸ்டீபன் காப்பென்டர், ஓப்ரோவுடன் சேர்ந்து 'தி பவர்' (1984), 'தி கின்ட்ரெட்' (1987) ஆகிய படங்களை எடுத்தார். பின்னர் 2011இல் தொடங்கிய 'கிறிம்' என்ற தொலைக்காட்சித் தொடரை உருவாக்கியோருள் ஒருவரானார். கொலைஞன் கிரெய்க்காக நடித்த ஸ்டீபன் சாக்ஸ், சினிமாவை விட்டு நாடகத்துக்குப் போனார். 1990இல் லொஸ் ஏஞ்சல்ஸில் 'பவுண்டன் தியேட்டர்' என்னும் சிறு அரங்கைத் தோற்றுவித்தோருள் ஒருவராகி, நாடகாசிரியராகவும் இயக்குநராகவும் மதிக்கப்பெற்றார். படத்திலே அவர் கிரெய்க்கை நடித்த விதத்தை இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் உணரலாம். உரத்த குரல் இல்லை. விழியை உருட்டுதல் இல்லை. தன் முறை வரும்வரை பொறுமையாகக் காத்திருக்கும் ஒருவனாகவே அவர் நிற்கின்றார். உண்மை வெளிப்பட்ட பின்னும் அவரது குரல் அதிகம் மாறுவதில்லை. அதனால்தான் உடம்பு சில்லிடுகிறது.

திரைப்படத் துறையிலே நாட்டங் கொண்ட மாணவர்கள் இதிற் கவனிக்க வேண்டியது இன்னொன்று. கைக்கு எட்டியதைக் கொண்டே கதையை அமைத்தனர் இவர்கள். விடுமுறையிற் கட்டிடம் வெறுமையாகக் கிடக்கும். ஆகவே வெறுமையான கட்டிடத்தின் கதை. நடிகர் சிலரே கிடைப்பர். ஆகவே சிலர் மட்டுமே தங்கும் காரணத்தைக் கதையிலேயே அமைத்துக்கொண்டனர். விளக்குகள் போதா, ஆகவே மின்சாரம் நின்றுபோகிறது. தளபாடங்களை அடுக்க ஆளில்லை. ஆகவே கதையே தளபாடங்களை வெளியேற்றும் கதையாகிவிடுகிறது. மேசைகளும் கதிரைகளும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்து வைக்கப்பட்ட அந்த அறைகளைப் பாருங்கள். அலங்கரித்த எந்தப் பேய் மாளிகையையும்விட அவை மனத்தை வாட்டுகின்றன. வாழ்ந்த இடம் ஒன்று தன் பெயரை இழந்து வெறும் சாமான் கிடங்காக மாறும் துயரம் அங்கே தானாகவே வந்து அமர்ந்துவிட்டது.

இதைத் தேடிப் பார்க்க விரும்புவோர் 2011இல் 'சினாப்ஸ் ஃபில்ம்ஸ்' என்னும் அமெரிக்க நிறுவனம் வெளியிட்ட தட்டையே தேட வேண்டும். வெட்டப்படாத பிரதியாகிய அதில், 'டெத் டோர்ம்' என்ற பெயரே எழுத்திற் காட்டப்படுகின்றது. துளைகருவிக் காட்சியும் அதிலே முழுமையாக உண்டு. அந்த இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வதால் கதையில் எதுவும் விடுபட்டுப் போகாது. நான் அப்படித்தான் செய்தேன். நிலவறைக் காட்சிகளில் யார் எங்கே நிற்கின்றார் என்பது இந்தப் பிரதியிற்றான் ஒழுங்காகத் தெரிகின்றது. ஹெமிட்டின் முகமும் அப்படியே. பழைய நாடாவில் வெறும் நிழலாக அலைந்த அவன், இதிலே களைத்த கண்களும் நடுங்கும் கைகளும் உள்ள ஒரு மனிதனாக நிற்கின்றான். விடுதியிலே இருந்து பார்ப்பவர்கள், எல்லாரும் ஊர் போவதற்கு முன்னரே பார்த்து முடித்துக்கொள்வது நல்லது.